வேரில் இருப்பது எந்தப் புழு?

(கொடைக்கானல் மேல்மலையில் உள்ள மன்னவனூரில், உழவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊராட்சிப் பிரதிநிதிகளே, இந்த மழையிலும் இத்தனை வளைவு ஏறி வந்திருக்கும் வேளாண்மைத் துறை அதிகாரி அவர்களே, எனக்குத் துண்டு போர்த்திய பொருளாளர் அண்ணன் அவர்களே, பூம்பாறையிலிருந்தும் கவுஞ்சியிலிருந்தும் பூண்டு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். முன்வரிசைப் பெரியவருக்குத் தனியாக ஒரு வணக்கம். அவரை விட்டுவிட்டால் நான் ஊருக்குள் நடமாட முடியாது.

நூற்புழுக்களை, அதாவது நூல் போன்ற நுண்ணிய புழுக்களை, இனம் பிரிப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். உடலமைப்பை வைத்துப் பிரிப்பது, மரபணுவை வைத்துப் பிரிப்பது, 1998இல் நூற்புழுக் கூட்டம் மொத்தத்தையும் மரபணுவை வைத்து ஐந்து கிளையாகப் பிரித்த கதை.

வெளுத்ததெல்லாம் பால் ஆகாது என்பார்கள். என் மாமா ஒருவர் உருளை போட்டிருந்தார். தோட்டத்தில் திட்டுத் திட்டாகச் செடி குன்றி மஞ்சளடித்தது. உரக்கடையில் கேட்டார். சத்துக் குறைவு என்று ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார்கள். போட்டார். இன்னும் மஞ்சள். நோய் என்று ஒரு டப்பா மருந்து கொடுத்தார்கள். அடித்தார். அத்தையின் தோடு அடகுக்கடைக்குப் போனதுதான் மிச்சம். கடைசியில் அத்தைதான் ஒரு செடியைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தார். சல்லிவேர் முழுக்கக் கசகசா ஒட்டினாற்போல வெள்ளை மணிகள். மாமா என்ன சொன்னார் தெரியுமா? “போட்ட உரம் கரையாம நிக்குது, தண்ணி பத்தல!” இரண்டு நாள் மோட்டாரை ஓட்டினார். நீங்கள் சிரிக்கிறீர்கள், அத்தை சிரிக்கவில்லை. கீழ்த்தோட்டத்துச் சம்பந்தியும் சிரிக்கவில்லை. வழிந்த தண்ணீரோடு அந்த மணிகளும் அவர் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தன.

ஒவ்வொரு மணியும் வேரில் வாய் பதித்து உப்பிப்போன ஒரு பெண் நூற்புழு. வயிற்றில் நூற்றுக்கணக்கில் முட்டை. செத்த பிறகு அதன் தோலே முட்டைக்கூடாக இறுகிவிடும். 20 வருடம்கூட மண்ணில் சும்மா கிடக்கும். உருளை வேரின் கசிவு பட்டதும் பொரியும்.

1961இல் உதகையில் இந்தப் புழு இருப்பதைக் கண்டுபிடித்தவர் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர். அப்போது எல்லாம் ஒரே இனம் என்றே கணக்கு. 1973இல் ஸ்டோன் என்பவர் இரண்டாகப் பிரித்தார். இன்றைய பெயரில் ஒன்று குளோபோடெரா ரொஸ்டோகியென்சிஸ், மற்றது குளோபோடெரா பாலிடா. முன்னதன் பெண் வெள்ளையாக இருந்து, பொன்னிறமாகி, பழுப்பாகும்; அதனால் அதைப் பொன் புழு என்று வைத்துக்கொள்வோம். பாலிடா பொன்னிறத்துக்குப் போகாமலே பழுப்பாகிவிடும். வெளுத்ததெல்லாம் பால் ஆகாது என்றேனே, இளசில் இரண்டும் வெள்ளை, முற்றினால் இரண்டும் பழுப்பு!

அப்புறம் எப்படிப் பிரிப்பது? பொரிந்த குஞ்சை நுண்ணோக்கியில் வைத்தால் வாயில் ஓர் ஊசி தெரியும். அதன் அடிக் குமிழ் உருண்டையாக இருந்தால் பொன் புழு, முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் பாலிடா. கூட்டின் பின்புற வரிகளையும் எண்ணுவார்கள். ஆனால் சில நேரம் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றாகவே வந்துவிடும். அங்கேதான் மரபணு கைகொடுக்கிறது. மரபணுவின் ஒரு துண்டைப் பல படி எடுத்துப் பார்க்கும் பிசிஆர் சோதனையில் பொன் புழுவுக்கு 434 மரபணு எழுத்து நீளத் துண்டு வரும், பாலிடாவுக்கு 265. அதில் குழப்பத்துக்கு இடமில்லை.

எந்தப் புழுவாக இருந்தால் என்ன என்று கேட்காதீர்கள். எச்1 என்ற எதிர்ப்பு மரபணு உள்ள உருளை, பொன் புழுவின் சில வகைகளை அடக்கும், பாலிடாவை அடக்காது. இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ரகத்தையே திரும்பத் திரும்ப நட்டார்கள். பொன் புழு குறைந்தது, அந்த இடத்தில் பாலிடா பெருகியது.

சரி, நம் நிலைமை? மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் எல்லாம் வருகிறது. புழுவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதிகாரி ஐயா முன்னாலேயே கேட்கிறேன்: மேல்மலையிலேயே ஒரு நூற்புழு ஆய்வகம் வேண்டும். ஒரு நல்ல நுண்ணோக்கி, ஒரு பிசிஆர் கருவி, வேலை தெரிந்த இரண்டு பிள்ளைகள். விதைக்கிழங்கு வாங்கும் முன்பே மண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். உரக்கடைக்காரரா சொல்லுவார்?

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐந்து கிளைக் கதையை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். ஆய்வகத்துக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. சர்வே எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், அப்புறம் டீ குடிக்கப் போகலாம்.