இல்லாத பாலிசியைத் தேடிய வீடு: கார் இன்சூரன்ஸ் ஃபார்மில் சின்னப் பொய் சொல்லலாமா?

[திரையில்: ஓசூர் ரோடு, சாயங்கால நெரிசல். குரல் மட்டும்.]

வணக்கம். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போன வாரம் என்னிடம் கேட்டது இது. "அண்ணா, போன வருஷம் பம்பருக்கு ஒரு கிளைம் போட்டேன். இப்ப வேற கம்பெனிக்கு மாறறேன். போன வருஷம் கிளைம் எடுத்தீங்களான்னு ஃபார்ம்ல கேக்குது. இல்லைன்னு போட்டா நாலாயிரம் மிச்சம். எல்லாரும் அப்படித்தான் போடறாங்களாம். போடட்டுமா?"

போடாதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். சரியான கேள்விதான். தப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் யாரும் கேட்கப் போவதில்லை, அதிலும் வருஷா வருஷம் பிரீமியம் கட்டிவிட்டு ஒரு ரூபாய் கூடத் திரும்பப் பார்க்காதவர்களிடம் அந்தப் பேச்சு எடுபடாது. அதனால்தான் இந்த வீடியோ.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட் இல்லை, எந்தக் கம்பெனியிலும் இல்லை. கணக்கு எழுதும் வேலை. ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவில் யாருக்காவது ஒரு ஃபார்ம் புரியவில்லை என்றால் என்னிடம் கொண்டு வருவார்கள், அவ்வளவுதான். அப்படி வந்த ஒரு பாலிசியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

[திரையில்: மடித்து வைத்த பாலிசித் தாள், ஒரு வரியில் மட்டும் வெளிச்சம்.]

என் மனைவியின் அண்ணனோடு வேலை பார்த்தவர் ஒருவர். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். இரவு ஊரிலிருந்து திரும்பும்போது கார் மீடியனில் மோதியது. எதிரே வேறு வண்டி எதுவும் இல்லை. அவர் பிழைக்கவில்லை. காரியம் எல்லாம் முடிந்து மூன்றாவது வாரம் அவர் மனைவி அந்தப் பாலிசித் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, இதுல ஏதாவது வருமா பாருங்க."

இந்த மாதிரி விபத்தில் வேறு யாரிடமும் நஷ்ட ஈடு கேட்க முடியாது, தானாகப் போய் மோதியது. இதற்காகவே ஒன்று இருக்கிறது: வண்டி உரிமையாளரே ஓட்டும்போது உயிர் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் பெர்சனல் ஆக்ஸிடென்ட் கவர். முன்பெல்லாம் காருக்கு 2 லட்சம், டூவீலருக்கு 1 லட்சம் என்று அற்பமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தொடர்ந்து, 2018 செப்டம்பரில் அதை 15 லட்சமாக உயர்த்தினார்கள். அப்போது வருஷத்துக்கு 750 ரூபாய். அடுத்த ஜனவரியிலிருந்து, உங்களிடம் ஏற்கெனவே வேறு பாலிசியில் 15 லட்சத்துக்கு இந்தக் கவர் இருந்தால் காரோடு சேர்த்து வாங்க வேண்டியதில்லை என்றார்கள். நல்ல விதிதான், ஒரே ஆள் இரண்டு வண்டிக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டாம் என்பதற்காக வந்தது.

ஆனால் ஆன்லைனில் இது ஒரு சின்னக் கட்டமாக வந்து நிற்கும். "என்னிடம் ஏற்கெனவே 15 லட்சம் கவர் இருக்கிறது." டிக் செய்தால் முந்நூறோ நானூறோ குறையும். யாரும் அத்தாட்சி கேட்க மாட்டார்கள். அவர் டிக் செய்திருந்தார்.

அந்தத் தாளில் அந்த வரிக்கு நேரே பூஜ்யம் என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், உரிமையாளர் வேறு கவர் இருப்பதாக உறுதி அளித்திருக்கிறார் என்று ஒரு வாக்கியம். அதைப் படித்துச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது, எனக்கு அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "அப்ப வேற பாலிசி எங்கேயோ இருக்கு, அப்படித்தானே அண்ணா?"

அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டில் தேடினார்கள். ஸ்டீல் பீரோவில் எல்.ஐ.சி. பை, கேஸ் புத்தகம், பையனின் ஸ்கூல் ரசீதுகள், கல்யாணப் பத்திரிகைகள், எல்லாவற்றையும் தரையில் கொட்டித் தேடினார்கள். அவருடைய ஆபீசுக்குப் போய்க் கேட்டார்கள். இரண்டு பேங்கில் கேட்டார்கள். ஊரில் அவருடைய அப்பாவிடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அப்படி ஒரு பாலிசியே இருந்ததில்லை. முந்நூத்துச் சொச்சம் ரூபாய்க்கு அவர் ஒரு பொய்யை டிக் செய்தார், அந்தப் பொய்யை உண்மை என்று நம்பி அவர் குடும்பம் தேடிக்கொண்டிருந்தது.

இங்கே இன்சூரன்ஸ் கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை. அவர்களுக்கு நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. அந்தப் பொய் முழுக்க முழுக்க வீட்டுக்குள்ளேயே விழுந்தது.

[திரையில்: காகிதத்தில் கையால் போட்ட கணக்கு.]

சரி, தம்பியின் நாலாயிரத்துக்கு வருவோம். கிளைம் எடுக்காத வருஷங்களுக்கு நோ கிளைம் போனஸ் தருகிறார்கள், என்.சி.பி. ஒரு வருஷத்துக்கு 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50. நடுவில் ஒரு கிளைம் எடுத்தால் பூஜ்யத்துக்குப் போய்விடும். இந்தத் தள்ளுபடி நம் காரின் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும்தான், நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பகுதிக்குக் கிடையாது. தம்பிக்கு அந்தப் பகுதி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 சதவீதம் என்றால் 3,600. ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தையும் சேர்த்தால் 4,248. அதுதான் அவர் சொன்ன நாலாயிரம்.

அந்தத் தள்ளுபடி வாங்கும்போது ஒரு உறுதிமொழி கொடுக்கிறோம், பெரும்பாலும் படிக்காமலே: போன பாலிசி காலத்தில் கிளைம் எதுவும் எழவில்லை, இது தவறு என்று தெரிந்தால் பாலிசியின் முதல் பிரிவின் கீழ் வரும் பலன் எல்லாம் பறிபோகும் என்று. முதல் பிரிவு என்றால் உங்கள் சொந்த கார். அதாவது 4,248 ரூபாய்க்காக நீங்கள் அடகு வைப்பது ஆறு லட்ச ரூபாய்க் கார்.

எப்போது தெரியவரும்? பெரும்பாலும் சின்ன கீறலுக்கு வராது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர், யமலூர்ப் பக்கம் வெள்ளம் வந்தபோது நின்ற இடத்திலேயே கார்கள் மூழ்கின, ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரி நாளில் கேட்கும் தொகை மூன்று லட்சம், நான்கு லட்சம். அன்றைக்குத்தான் ஃபைலைத் திறந்து பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் போடுகிறார்கள். இப்போது ஹைதராபாத்தில் இன்சூரன்ஸ் இன்ஃபர்மேஷன் பீரோ என்று ஒரு அமைப்பு இருக்கிறது, எல்லாக் கம்பெனிகளின் மோட்டார் பாலிசி, கிளைம் விவரங்களும் அங்கே சேர்கின்றன. கம்பெனி மாறினால் தெரியாது என்பது பழைய காலத்துப் பேச்சு.

இதில் கம்பெனிகள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. வண்டி இன்சூரன்ஸுக்கு எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவாகப் போட்ட ரேட், விதித் தொகுப்பு ஒன்று உண்டு, மோட்டார் டாரிஃப் என்று பெயர். அந்த 2002 விதிகளிலேயே தெளிவாக இருக்கிறது: என்.சி.பி. அத்தாட்சி இல்லாமல் உறுதிமொழியை மட்டும் நம்பிக் கொடுத்தால், புதுக் கம்பெனி 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும், அவர்கள் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் பிரீமியத்தை வாங்கிப் போட்டுக்கொண்டு, கிளைம் வந்த பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தால் அது என்ன நாணயம்? நுகர்வோர் ஆணையங்கள் இதைக் கேட்டிருக்கின்றன. விசாரிக்க வேண்டியதை நீங்களும் விசாரிக்கவில்லை, பொய்யாக வாங்கிய தள்ளுபடியின் விகிதத்தைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்று உத்தரவிட்ட வழக்குகள் இருக்கின்றன. கம்பெனி முழுசாக மறுத்தது சரிதான் என்று முடிந்த வழக்குகளும் இருக்கின்றன. எது உங்களுக்கு அமையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது, வருஷக் கணக்கில் இழுக்கும், அதுவரை கார் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்.

மறைக்காமல் பேச வேண்டும் என்கிற இந்த விதியின் வேர் 1766ல் லண்டனில் நடந்த ஒரு வழக்கு. சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டைக்கு அதன் கவர்னர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார், பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு பணம் தர மறுத்தது. நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இன்சூரன்ஸில் இரண்டு பக்கமும் ஒளிக்காமல் நடக்க வேண்டும் என்று அதில்தான் எழுதினார். ஆனால் ஜெயித்தது இன்சூரன்ஸ் எடுத்தவர். உனக்குத் தெரிந்திருக்க வேண்டியதை நீயே விசாரிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு மறைத்தான் என்று சொல்லாதே என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. கம்பெனிகள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

ஆனால் அவர்கள் தவறு என் பொய்யைச் சரியாக்காது. கம்பெனி கோடிக் கோடியாகச் சம்பாதிக்கிறது, நாலாயிரம் போனால் என்ன என்கிறார்கள். அந்த நாலாயிரம் கம்பெனி முதலாளியின் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. கிளைம் எடுத்தவரும் எடுக்காதவரும் ஒரே ரேட் கட்டினால், ஐந்து வருஷம் பார்த்துப் பார்த்து ஓட்டி, பம்பர் உடைந்தபோது கைக்காசைப் போட்டுச் சரிசெய்து 50 சதவீதத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு அந்தத் தள்ளுபடி எத்தனை நாளைக்கு நிற்கும்?

[திரையில்: அத்திப்பள்ளி டோல், டி.என். நம்பர் பிளேட்டுகள்.]

மற்ற சின்னப் பொய்கள். நம்மவர்கள் பெங்களூரில் அதிகம் செய்வது ஓசூர் விலாசம். பிரீமியம் கணக்குக்கு ஊர்களை இரண்டு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள்: பெங்களூர், சென்னை எல்லாம் ஏ மண்டலம், ஓசூர் பி மண்டலம். வண்டி எங்கே ரிஜிஸ்டர் ஆனதோ அதை வைத்து மண்டலம். பழைய டாரிஃப் அட்டவணையில் 1,000 சி.சி.க்கு மேல் 1,500 வரை, ஐந்து வருஷத்துக்கு உட்பட்ட கார் என்றால் ஏ மண்டலத்தில் 3.283 சதவீதம், பி-யில் 3.191. ஆறு லட்ச ரூபாய் மதிப்புள்ள காருக்கு வித்தியாசம் 552 ரூபாய், தள்ளுபடிக்கு முன்னால். இதற்காக மாமனார் வீட்டு விலாசத்தில் வண்டி வாங்கி, நோட்டீஸ் எல்லாம் அங்கே போய்... வேண்டாம்.

திருட்டுத் தடுப்புக் கருவி இருக்கிறது என்று டிக் செய்தால் 2.5 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 500 ரூபாய். கார் கம்பெனியிலேயே வந்த சென்ட்ரல் லாக்கை நினைத்துச் செய்கிறார்கள், கேட்பது வாகன ஆராய்ச்சி அமைப்பான ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகரித்த கருவி. ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர் என்றால் அதிகபட்சம் 200 ரூபாய். இருநூறு ரூபாய்க்கு இல்லாத சங்கத்தில் உறுப்பினர் ஆவது!

சி.என்.ஜி. கிட்டைச் சொல்லாமல் விடுவதும், வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடுவதும் கொஞ்சம் பெரிய விஷயம். வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி ஒரு திருட்டு கிளைமைக் கம்பெனி முழுக்க மறுத்த வழக்கில், 2008ல் உச்ச நீதிமன்றம் முழுசாக மறுக்க முடியாது, 75 சதவீதம் கொடுங்கள் என்றது. அதைக் காட்டித் தைரியம் சொல்பவர்கள் உண்டு. அது திருட்டு. வாடகைக்கு ஓடும்போது நடந்த விபத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பொய்யும் தவறும் ஒன்றில்லை. ஏஜென்ட் போனில் "அண்ணே, நான் பாத்துக்கறேன், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்பார், நாம் சொல்லிவிடுவோம், அவர் எதை டிக் செய்தார் என்று நமக்குத் தெரியாது. தெரியவந்தவுடன் திருத்தலாம். எண்டார்ஸ்மென்ட் என்று பெயர், கம்பெனிக்கு எழுதி வித்தியாசத் தொகையைக் கட்டினால் பாலிசியில் மாற்றித் தருவார்கள். கிளைம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் அது உங்கள் பொய்.

பிரீமியம் குறைய நேர் வழிகளும் இருக்கின்றன. வாலண்டரி டிடக்டிபிள் என்று ஒன்று, கிளைமில் முதல் 2,500 ரூபாயை நானே ஏற்கிறேன் என்றால் டாரிஃப் விதிப்படி 20 சதவீதம், அதிகபட்சம் 750 ரூபாய் குறையும். 15,000 வரை ஏற்றால் 35 சதவீதம், அதிகபட்சம் 2,500. என்.சி.பி. காரைச் சேர்ந்ததில்லை, உங்களைச் சேர்ந்தது, பழைய காரை விற்கும்போது அதற்கான கடிதத்தை வாங்கிவிட்டால் மூன்று வருஷத்துக்குள் புதுக் காருக்குப் போட்டுக்கொள்ளலாம். கம்பெனி அநியாயமாக மறுத்தால், அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பாருங்கள், பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ஜே.பி. நகர் ஜீவன் சௌதா கட்டடத்தில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உண்மையைச் சொன்னவராக அங்கே போய் உட்காருவது வேறு மாதிரி இருக்கும்.

[திரையில்: சாப்பாட்டு மேஜை, லேப்டாப், பக்கத்தில் டீ.]

அந்த அம்மா வந்து போன அன்று இரவு என் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். அதே வரி, அதே பூஜ்யம். நான் டிக் செய்ததாக ஞாபகம் இல்லை, ஆனால் ஓ.டி.பி. சொன்னவன் நான்தான். போன் நம்பர் இடத்தில் ஏஜென்ட்டின் நம்பர். மறுநாள் கம்பெனிக்கு எழுதி நம்பரை மாற்றினேன், 15 லட்சத்துக்குத் தனியாகக் கவர் எடுத்தேன். நாமினி இடத்தில் என் மனைவியின் பெயரைப் போட்டேன், இனிஷியலில் ஒரு எழுத்து ஆதாரோடு ஒத்துப்போகவில்லை, அதற்கு இன்னொரு மெயில். புதுத் தாள் வந்ததும் பிரிண்ட் எடுத்து அவளிடம் கொடுத்து, பீரோவில் எங்கே வைக்கிறாள் என்று நின்று பார்த்துக்கொண்டேன்.