எழுபத்திரண்டு வினாடி

நேயர்களுக்கு வணக்கம்.

என் குரலை உங்கள் வானொலிப் பெட்டிக்குக் கொண்டு வருவது ரேடியோ அலை. விண்வெளியில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடுபவர்களும் பெரும்பாலும் இந்த அலையைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒளியின் வேகத்தில் போகும். விண்மீன்களுக்கு நடுவே கிடக்கும் தூசு மேகங்களையும் சுலபமாகக் கடந்துவிடும்.

1960இல் ஃபிராங்க் டிரேக் என்ற அமெரிக்க வானியலாளர், டௌ செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களை நோக்கி ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பி வைத்துக் கேட்டார். அவர் தேர்ந்தெடுத்தது 1420 மெகாஹெர்ட்ஸ். ஹைட்ரஜன் அணு தானாகவே உமிழும் அலைவரிசை அது. பிரபஞ்சத்தில் அதிகம் இருப்பதே ஹைட்ரஜன்தான். ஆகவே, எந்த உலகத்தில் வாழ்ந்தாலும், வானத்தை ஆராயத் தெரிந்தவருக்கு இந்த அலைவரிசை தெரிந்திருக்கும். என்ன அழகான யோசனை! ஆனால் யாரும் பேசவில்லை.

17 ஆண்டுகள் கழித்து, அதே அலைவரிசைக்கு மிக அருகில் ஒன்று கேட்டது. 1977 ஆகஸ்ட் 15. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் இருந்த 'பிக் இயர்' ரேடியோ தொலைநோக்கி, விண்மீன்களைத் துரத்திக்கொண்டு திரும்பாது. பூமி சுழலச் சுழல, வானம்தான் அதன் முன்னால் நகர்ந்து போகும். அதனால் வெகு தொலைவிலிருந்து வரும் அலை மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்கும். அதற்கு 72 வினாடி ஆகும். அன்று வந்த அலை அப்படியே ஏறி இறங்கியது. உச்சத்தில் அதன் வலிமை பின்னணி இரைச்சலைப் போல 30 மடங்கு. சில நாள் கழித்து, கணினி அச்சிட்ட தாளைப் புரட்டிய வானியலாளர் ஜெர்ரி ஏமன் சிவப்புப் பேனாவால் அதை வட்டமிட்டு, ஓரத்தில் 'வாவ்!' என்று எழுதினார். அந்தத் தாளின் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? அந்தத் தொலைநோக்கி வானத்தின் ஒரே இடத்தைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்கும். அலை ஒரு முறைதான் சிக்கியது. பிறகு பலமுறை தேடியும் திரும்ப வரவில்லை. இதை வைத்துப் பெரிய முடிவுகளுக்குப் போய்விடக் கூடாது என்று எச்சரித்தவர் அதே ஏமன்தான். 'வாவ்' என்று எழுதிய அந்தக் கையைவிட, எச்சரித்த இந்த மனசைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன்.

இந்தத் தேடலில் ஆசைதான் முதல் எதிரி. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோஸ்லின் பெல், 1.3 வினாடிக்கு ஒரு முறை தவறாமல் துடிக்கும் அலையைக் கண்டுபிடித்தார். 'சின்னப் பச்சை மனிதர்கள்' என்று விளையாட்டாகப் பெயர்கூட வைத்தார்கள். அவர் விடாமல் தேடி, வானத்தின் வேறொரு மூலையில் அதே மாதிரி இன்னொன்றைக் கண்டார். இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு உலகத்தார் ஒரே நேரத்தில் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் அல்லவா? அவை வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள், அதாவது வெடித்துச் செத்த பெரிய விண்மீன்களின் இறுகிப்போன மிச்சங்கள் என்று பிறகு தெரிந்தது. தேடாத ஒன்று, அதுவும் மாபெரும் ஒன்று, கையில் கிடைத்தது.

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் பல ஆண்டுகள் புதிராக இருந்த ஒருவகைத் துடிப்பு, அங்கேயே இருந்த மைக்ரோவேவ் அடுப்பை அது ஓடி முடிப்பதற்குள் திறந்ததால் வந்தது என்று 2015இல் நிரூபித்தார்கள். பொறுமையாக ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் அதைப் பிடித்தார்கள்.

முதல் செய்தி ரேடியோவில் வரும் என்று இப்போது நான் நினைக்கவில்லை. ஒரு கடலிலிருந்து வரலாம். சனிக் கோளைச் சுற்றும் என்சலடஸ் வெறும் 500 கிலோமீட்டர் விட்டமுள்ள பனிநிலா. அதன் தென் துருவத்து வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் விண்வெளிக்குப் பீறிட்டு அடிப்பதை காசினி விண்கலம் 2005இல் கண்டது. பனிக்கு அடியில் உப்புக் கடல் இருக்கிறது. காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்து ருசி பார்த்தது. கரிமப் பொருள்களும் ஹைட்ரஜன் வாயுவும் இருந்தன. நம் ஆழ்கடலில், சூரிய ஒளியே படாத இடத்தில், இந்த ஹைட்ரஜனைத் தின்றே வாழும் நுண்ணுயிர்கள் உண்டு. அங்கும் அப்படி ஒன்று இருந்தால்? ஒரு செல் போதும். உயிர் தோன்றுவது அபூர்வமா, சாதாரணமா என்ற கேள்வியே தலைகீழாகிவிடும்.

ஆனால் அந்தச் செல் பூமியிலிருந்து கருவியோடு ஒட்டிக்கொண்டு போனதாக இருக்கக் கூடாதே! 2017இல் காசினியின் எரிபொருள் தீரும் நிலைக்கு வந்தது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் என்றாவது ஒரு நாள் அது அந்த நிலாவில் மோதி, நம் நுண்ணுயிர்களை அங்கே கொட்டிவிடக்கூடும். எனவே செப்டம்பர் 15 அன்று, 13 ஆண்டுகள் சனியைச் சுற்றிய அந்த விண்கலத்தைச் சனியின் வளிமண்டலத்துக்குள்ளேயே இறக்கி எரித்தார்கள். கடைசி நிமிடம் வரை அது தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது, ரேடியோ அலையில்.

நன்றி, வணக்கம்.