ஒரு மாதம் பிஎஃப் கட்டியிருந்தாலும் குடும்பப் பென்ஷன் உண்டு

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கனமான விஷயம். பனியன் கம்பெனியோ, மில்லோ, ஆஸ்பத்திரியோ, பிஎஃப் பிடித்தம் இருந்த ஒருவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் அவர் குடும்பத்துக்கு மாதா மாதம் பென்ஷன் வரும். இதைச் சொன்னால் உடனே வரும் கேள்வி: "அவர் பத்து வருஷ சர்வீஸ் போடவே இல்லையே?"

அந்தப் பத்து வருஷக் கணக்கு, உயிரோடு இருப்பவர் வயதான பிறகு தனக்காக வாங்கும் பென்ஷனுக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு அந்தக் கணக்கு கிடையாது. பென்ஷன் கணக்கில் ஒரே ஒரு மாதப் பணம் ஏறியிருந்தால் போதும். 1995-ஆம் வருஷத் தொழிலாளர் பென்ஷன் திட்டத்தில் உள்ள விதிதான் இது. ஆனால் துக்கம் கேட்க வருகிறவர்களில் யாராவது, "ரெண்டு வருஷம்தானே வேலை பார்த்தான், பிஎஃப் பணம் மட்டும்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் இருப்பவர்களும் அதை நம்பி, வந்த பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல்.

வேலையை விட்ட பிறகு இறந்திருந்தால் கதை வேறு. அங்கே பத்து வருஷ சர்வீஸ் இருந்ததா என்று பார்ப்பார்கள். இடையில் 10சி ஃபாரம் போட்டுப் பென்ஷன் பணத்தை எடுத்திருந்தால் அந்த சர்வீஸும் போச்சு. இன்னொன்று, 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாகப் பிஎஃபில் சேர்ந்து, அப்போதே பிஎஃப் சம்பளம், அதாவது பிஎஃப் பிடிக்கக் கணக்கில் எடுக்கும் சம்பளம், 15,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் அவர் பென்ஷன் திட்டத்திலேயே இருக்க மாட்டார். குழப்பமாக இருந்தால் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பென்ஷனுக்கென்று தனிக் கட்டம் இருக்கும். அதில் பணம் ஏறியிருக்கிறதா என்பதுதான் விஷயம்.

சரி, யாருக்குக் கிடைக்கும்? மனைவி இறந்தால் கணவருக்கும் உண்டு. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் "விதவைப் பென்ஷன்" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, ஆண்கள் விண்ணப்பமே போடுவதில்லை. அதோடு 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் ஒரு சமயத்தில் இரண்டு பேருக்கு, ஆளுக்கு அந்தப் பென்ஷனில் கால் பங்கு. மூத்தவருக்கு 25 முடிந்ததும் மூன்றாவது பிள்ளை உள்ளே வரும். அப்பா அம்மா இரண்டு பேருமே இல்லையென்றால் பிள்ளைக்கு முக்கால் பங்கு. துணையை இழந்தவர் மறுமணம் செய்துகொண்டால் அவருடைய பென்ஷன் நிற்கும், ஆனால் பிள்ளைகளுக்கு அந்த முக்கால் பங்கு தொடங்கிவிடும். மறுமணம் செய்தால் எல்லாமே போய்விடும் என்று பயமுறுத்துகிற சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தொகை எவ்வளவு? குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். 2014-இல் வைத்தது. இந்தக் காலத்தில் ஆயிரம் ரூபாய்க்கு என்ன வரும், கேஸ் சிலிண்டர் வாங்கினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். இதை 7,500 ஆக்கச் சொல்லிப் பென்ஷன்காரர்கள் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதற்காக வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். கணவனுக்கோ மனைவிக்கோ, மறுமணம் செய்யாதவரை, அது ஆயுளுக்கும் வரும் பணம்.

பெரிய தொகை வேறு இடத்தில் இருக்கிறது. இடிஎல்ஐ என்று ஓர் இன்சூரன்ஸ். தொழிலாளி ஒரு பைசா கட்ட வேண்டாம், கம்பெனிதான் கட்டுகிறது. மாதச் சம்பளத்தை, அதிகபட்சம் 15,000 என்று வைத்து, 35-ஆல் பெருக்குவார்கள். அதோடு பிஎஃப் இருப்பில் பாதி, 1,75,000 வரைக்கும். ஆக மொத்தம் 7 லட்சம் வரை வரலாம். பிஎஃப் பணம், பென்ஷன், இன்சூரன்ஸ் மூன்றையும் ஒரே இறப்பு க்ளெய்ம் ஃபாரத்தில் கேட்கலாம். வேலையிடத்து விபத்தில் இறந்திருந்து இஎஸ்ஐயும் இருந்தால் அது தனி வழி. அதற்கு இன்னொரு வீடியோ போடுகிறேன்.

இப்போது நம்ம ஊர்த் தலைவலிக்கு வருகிறேன்: இனிஷியல். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், கம்பெனி ரெக்கார்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், இறப்புச் சான்றிதழில் மூன்றாவதாக ஒரு மாதிரி இருக்கும். பிறந்த தேதியும் இடிக்கும். அங்கேதான் க்ளெய்ம் மாட்டிக்கொள்ளும். ஆள் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது சுலபம், போன பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் அலைய வேண்டும். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள், சான்றிதழ் வாங்கும்போது பெயரை எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

அப்புறம் நாமினேஷன், அதாவது நமக்குப் பிறகு பணம் யாருக்கு என்று பெயர் கொடுப்பது. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டிருப்பீர்கள். கல்யாணம் ஆனதும் அது செல்லாது, புதிதாகப் போட வேண்டும். பிஎஃப் இணையதளத்தில் யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் அடையாள நம்பரோடு உள்ளே போனால் ஈ-நாமினேஷன் இருக்கும். கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் எல்லோருடைய ஆதார் நம்பரும் போட்டோவும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சேவ் செய்ததோடு மூடிவிடாதீர்கள். ஆதார் ஓடிபி போட்டு ஈ-சைன் செய்தால்தான் அது பதிவாகும்.