துவரைக்குப் பக்கத்தில் ஒரு சந்தனம்

(பெங்களூரு அல்சூரில் நடந்த நினைவுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

உறவினர்களுக்கும், மாமாவோடு காட்டில் வேலை பார்த்த பெரியவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் 'முன்னோடி வன அலுவலர்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மாமா பார்த்திருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பார். அந்தச் சொல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் அவருடைய மூத்த மாப்பிள்ளை. வங்கியில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். மரம் என்றால் எனக்கு நிழல், அவ்வளவுதான்.

1936இல் கொள்ளேகாலுக்குப் பக்கத்தில் பிறந்தவர் அவர். அப்போது கொள்ளேகால் மதராஸ் மாகாணம், கோயம்புத்தூர் ஜில்லா. 1956 நவம்பர் முதல் தேதி அது மைசூர் மாநிலத்துக்குப் போய்விட்டது. "நான் எங்கேயும் போகலை மாப்பிள்ளை, மாநிலம்தான் மாறிச்சு" என்பார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பரீட்சைக்கு இங்கிலீஷ். கோயம்புத்தூரில் ரேஞ்சர் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்தார். அதன் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் மாற்றல், மாற்றல், மாற்றல். அதை விவரித்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.

சந்தனத்துக்கு வருகிறேன். 1792இல் திப்பு சுல்தான் சந்தனத்தை அரச மரமாக அறிவித்தார். பிள்ளையார் உட்காரும் அரச மரம் இல்லை, அரசருக்குச் சொந்தமான மரம். அரசர்கள் போன பிறகு அரசாங்கத்துக்குச் சொந்தமானது. உங்கள் வீட்டுக் கொல்லையில் தானாக முளைத்தாலும் மரம் உங்களுடையது இல்லை. காணாமல் போனால் மட்டும் பதில் நீங்கள் சொல்ல வேண்டும். இந்த நிலை 2001இல்தான் கர்நாடகத்தில் மாறியது. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குச் சந்தனக் கட்டை அனுப்ப வழியில்லாமல் போனதால், மைசூர் அரசே எண்ணெய் எடுக்க இறங்கியது. நீங்கள் இன்று காலை தேய்த்துக் குளித்த மைசூர் சாண்டல் சோப்பு அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் சந்தனக் கன்றை நட்டு வளர்ப்பது லேசான வேலை இல்லை. நாற்றங்காலில் பச்சைப் பசேல் என்று நிற்கும். எடுத்து நட்டால் ஒரு வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் மஞ்சளாகிச் செத்துப் போகும். மண் சரியில்லை, தண்ணீர் போதவில்லை, வாட்சர் சரியில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம். காரணம் என்னவோ 1871லேயே தெரிந்ததுதான். சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருந்தாலும், பக்கத்துச் செடியின் வேரைப் பிடித்துத்தான் அதற்குச் சாப்பாடு. தெரிந்தது புத்தகத்தில். நாற்றங்காலில் பை நிரப்பும் பெண்களுக்கும் வனக் காவலர்களுக்கும் அதை யாரும் சொல்லவில்லை. மாமா சொன்னார். அவர் முன்னோடி என்றால் அந்த அர்த்தத்தில்தான். கண்டுபிடித்தவர் இல்லை, கடைசி ஆள்வரை கொண்டு சேர்த்தவர்.

மல்லேஸ்வரம் 18ஆவது கிராஸில் இருக்கும் மர ஆராய்ச்சிக்காரர்களிடம் அடிக்கடி போய்க் கேட்டுக்கொண்டு வருவார். ஒவ்வொரு சந்தனப் பையிலும் ஒரு துவரை விதை ஊன்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். ஆனால் துவரை வேகமாக வளர்ந்து சந்தனத்தை மூடிவிடும். அதனால் நுனி கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நட்ட பிறகு துவரை மட்டும் போதாது, நீடித்து நிற்கிற செடியும் பக்கத்தில் வேண்டும். இதையெல்லாம் அவர் பேசிப் புரியவைக்கவில்லை. செய்து காட்டினார்.

எனக்கும் காட்டினார். பெண் பார்த்து நிச்சயம் ஆன மறுவாரம், என்னை ஒரு நாற்றங்காலுக்குக் கூட்டிப் போனார். சம்பளம் பற்றிக் கேட்பார் என்று பயந்துகொண்டே போனேன். ஒரு பையை எடுத்துப் பிளேடால் கீறினார். மண்கட்டியை அலுமினியத் தட்டில் தண்ணீரில் போட்டு, விரல்நுனியால் மெதுவாக அலசினார். பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை. மண் கரைந்ததும் இரண்டு செடியின் வேரும் நூல் சிக்கல் மாதிரி மிதந்தன. சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கொடுத்தார். துவரை வேரின்மேல் கடுகளவு ஒரு முடிச்சு, மணி மாதிரி, கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இதுதான். இது புடிச்சுக்கிச்சுன்னா பிழைச்சுக்கும்" என்றார். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார். பரீட்சையில் நான் பாஸா இல்லையா என்று கடைசிவரை சொல்லவில்லை.

மாமியார் இதோ முதல் வரிசையில் இருக்கிறார். இந்தக் கதையை யார் சொன்னாலும் அவர் ஒரு வரி சேர்ப்பார்: "சந்தனம் சர்க்காருக்கு, துவரை எங்களுக்கு." நாற்றங்கால் வரப்பில் விட்ட துவரையில்தான் அந்த வீட்டுச் சாம்பார் என்று சொல்வார். கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

'குடும்பப் பாசம் மிக்கவர்' என்றும் அழைப்பிதழில் இருக்கிறது. உண்மைதான். ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் இருந்ததே குறைவு. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத் தீக் காலம். அந்த மாதங்களில் வீட்டுப் பக்கமே வர முடியாது. இரண்டாவது பெண் பிறந்தது ஒரு மார்ச்சில். ஒன்பதாம் நாள்தான் வந்தார். சட்டையெல்லாம் புகை வாசம், குழந்தையைத் தூக்கவே விடவில்லை என்று மாமியார் சொல்வார். முதலில் குளிங்க, அப்புறம் தொடுங்க.

அவருக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். முகாமில் இருந்து வாரம் ஒரு இன்லண்ட் கடிதம் வரும். மூன்று பெண்களுக்கும் தனித்தனிப் பத்தி, கோடு போட்டுப் பிரித்து. மூன்றாவது பெண்ணுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாத வயதில் அவள் பத்தியில் படம் மட்டும் இருக்கும்: யானை, கரடி, ஒரு தடவை குளிக்கும் ரேஞ்சர். என் மனைவி அந்தக் கடிதங்களை இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறாள். சிலவற்றில் 'கிணற்றடிப் பக்கம் தனியாகப் போகாதே' என்பதற்கும் 'வேங்கையில் பூ வந்துவிட்டது' என்பதற்கும் நடுவில் முற்றுப்புள்ளிகூட இல்லை.

வீட்டுக்கு வந்தால் முதல் வேலை, பெண்களைச் சமையலறை நிலைப்படியில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போடுவது. பக்கத்தில் தேதி. காட்டில் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில்தான் அளப்பார்கள், அதற்கு மார்பளவு உயரம் என்று பெயர். ஒவ்வொரு பெண்ணும் அந்த 1.37ஐத் தொட்ட அன்று, "இனிமே உன்னை ரிஜிஸ்டர்ல ஏத்தலாம்" என்று சொல்லி மைசூர்பாகு வாங்கி வருவாராம். மாற்றல் வரும்போதெல்லாம் அந்தக் கோடுகளை ஒரு மூங்கில் குச்சிக்கு நகல் எடுத்துக்கொண்டு கிளம்புவார்.

கஷ்டமான வருஷங்களும் உண்டு. 1991 நவம்பர் 10ஆம் தேதி, வன அதிகாரி ஸ்ரீநிவாஸை வீரப்பன் கொன்றான். வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்தில் தமிழ் பேசும் ஜனங்களிடம் நல்ல பெயர் எடுத்திருந்த மனிதர் ஸ்ரீநிவாஸ். செய்தி வந்த அன்று மாமா சாப்பிடவில்லை. அதற்கு முன்பும் பிறகும் வேலை விஷயத்தில் வாயே திறக்காத மாமியார், அன்று ராத்திரி மட்டும் "நாம வேற இடம் கேக்கலாமா" என்று கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் டார்ச்சுக்குப் பாட்டரி மாற்றிக்கொண்டிருந்தாராம். இதற்குமேல் எனக்கும் தெரியாது, கேட்கவும் தைரியம் வந்ததில்லை.

சரி, சிரிப்பான ஒன்றைச் சொல்லி இறங்கிவிடுகிறேன். ராமமூர்த்தி நகர் வீட்டில் 1985இல் செம்பருத்தி வேலியோரம் ஒரு சந்தனம் முளைத்தது. ஏதோ குருவி போட்ட விதை. பிடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. மாமா மறுநாளே தன் துறைக்குத் தானே கடிதம் எழுதி, தன் வீட்டு மரத்தைக் கணக்கில் ஏற்றினார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலையில் அதன் கீழே நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். வருகிறவர்கள் மரத்தை மோந்து பார்ப்பார்கள். "நிக்கிற மரம் மணக்காதுங்க, உள்ளே வைரம் பாயணும்" என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொல்வார்.

2009இல் ஒரு மழை ராத்திரி அதை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் முழங்கால் உயரத்துக்குக் கட்டை மட்டும் நின்றது. அக்கம்பக்கத்தார் துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுத்த இடத்தில் விரலை வைத்துத் தடவி, மோந்து பார்த்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன்.

"வேரை விட்டுட்டுப் போயிருக்கானுங்க மாப்பிள்ளை. எண்ணெயே அதுலதான் இருக்கு. சந்தனத்தை அறுப்பாங்களா, தோண்டுவாங்களா? தொழில் தெரியாத பசங்க."

"போங்க, அவனுங்களுக்கும் டிரெயினிங் குடுத்துட்டு வாங்க" என்று மாமியார் உள்ளே போய்விட்டார்.

வேரிலிருந்து மறு வருஷமே இரண்டு தளிர் கிளம்பியது. இப்போது இரண்டும் மாடி ஜன்னலைத் தொடுகின்றன. அவற்றின் அடியில் மாமியார் வருஷா வருஷம் துவரை ஊன்றுகிறார். இவ்வளவு பெரிய மரத்துக்கு அது தேவையே இல்லை, செம்பருத்தியே போதும் என்று மாமா இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். போன மாதம் களை எடுக்க வந்த பையன் அந்தத் துவரையில் கை வைத்தான். மாமியார் வாசலிலிருந்தே ஒரு சத்தம் போட்டார்.

"டேய், அதைத் தொடாதே. அது அவருக்கு."