2.16 பெரிதா, 1.7 பெரிதா? பள்ளத்தூர் ஆச்சியின் லேப்டாப் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். பழைய லேப்டாப் வாங்குவது பற்றிப் போன வீடியோவில் பேசியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டுப் பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி குரல் பதிவாகவே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். பேரன் பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த சின்ன லேப்டாப் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதில் இருக்கும் பிராசசர் செலரான் என்2840, 2.16 கிகாஹெர்ட்ஸ். காரைக்குடியில் ஒரு கடையில் பழையது ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதில் கோர் ஐ3-4005யூ, 1.7 கிகாஹெர்ட்ஸ். "வீட்டில் கிடப்பதற்கே எண் பெரிதாக இருக்கிறதே, குறைந்த எண்ணுக்கு எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி, ஆச்சி. ஆனால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. ஐ3தான் வேகம். அதுவும் நூலிழை வித்தியாசம் இல்லை, பேரன் உட்கார்ந்து ஐந்து நிமிடம் வேலை பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிகாஹெர்ட்ஸ் என்பது பிராசசருக்கு நொடிக்கு எத்தனை துடிப்பு என்று மட்டும்தான் சொல்கிறது. 2.16 என்றால் நொடிக்கு 216 கோடி துடிப்பு. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை. கல்யாணப் பந்தியில் சின்னக் கரண்டியோடு ஓடி ஓடிப் பரிமாறுகிறவரையும், பெரிய அகப்பையோடு நிதானமாக வருகிறவரையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கை எத்தனை தடவை வாளிக்குள் போகிறது என்பதை வைத்து யார் பந்தியை முடிப்பார் என்று சொல்ல முடியாது.

இந்த இரண்டு பிராசசர்களிலும் அதுதான் நடக்கிறது. என்2840 உள்ளே இருப்பது சில்வர்மான்ட் என்ற வடிவமைப்பு, இன்டெல் கம்பெனியின் ஆட்டம் (Atom) என்ற சின்னப் பிராசசர் வகையறா. ஒரு துடிப்பில் அதிகபட்சம் 2 கட்டளைகளைத்தான் பிரித்து எடுக்கும். ஐ3-4005யூ ஹாஸ்வெல் வடிவமைப்பு, அது 4 கட்டளைகள் வரை எடுக்கும். கேஷ் என்று பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம் ஐ3-யில் 3 எம்பி, என்2840-இல் 1 எம்பி. வேலை செய்யும் மையம், அதாவது கோர், இரண்டிலும் இரண்டிரண்டுதான். ஆனால் ஐ3-யில் ஹைப்பர் திரெடிங் இருப்பதால் ஒரே நேரத்தில் 4 இழைகளை, அதாவது 4 வேலை வரிசைகளை ஓட்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என்2840 தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் 2.58 வரைகூட ஏறும். ஐ3-4005யூவுக்கு அப்படி ஏறும் டர்போ வசதி கிடையாது, 1.7-ஐத் தாண்டாது. அப்படி இருந்தும் ஐ3தான் முந்துகிறது.

இரண்டுமே 22 நானோமீட்டர் தயாரிப்புதான். ஆக, ஒன்று பழைய தொழில்நுட்பம், ஒன்று புதியது என்ற கதை இல்லை. எதற்காகச் செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். என்2840-க்கு 7.5 வாட், ஐ3-க்கு 15 வாட். குறைந்த மின்சாரம், குறைந்த சூடு, குறைந்த விலை என்று தொடங்கினால் ஒரு துடிப்பில் நிறையக் கட்டளை எடுக்கும் அகலமான வடிவமைப்பை அதற்குள் அடக்க முடியாது. அதில் நல்லதும் உண்டு. அந்த வகை லேப்டாப் பலவற்றில் ஃபேனே இருக்காது, சத்தம் இல்லை, தூசி அடைக்கும் கவலை இல்லை. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஃபேன் அடைத்துப்போன ஐ3 சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் இருக்கும் ஐ3-ஐ வாங்கினால் காசு கொடுத்ததற்குப் பலன் இல்லை.

பெயரை நம்பி ஏமாறாமல் இருப்பது எண்ணை விட முக்கியம். செலரான், பென்டியம் என்ற பெயர்களை இன்டெல் இரண்டு வகையறாவுக்கும் ஒட்டியிருக்கிறது. பென்டியம் என்3540 என்றால் ஆட்டம் வகையறா. பென்டியம் 3558யூ என்றால் ஹாஸ்வெல். செலரான் 2955யூ வெறும் 1.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் அதுவும் ஹாஸ்வெல். எனவே 2013-லிருந்து 2016 வரை வந்த லேப்டாப் என்றால் எழுத்தைப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் 'என்' (N) இருந்தால் ஆட்டம், எண்ணுக்குப் பின்னால் 'யூ' (U) இருந்தால் கோர் ஐ3 வகையறா வடிவமைப்பு. இதைக் கடைக்காரரிடம் கேட்கவே வேண்டாம். கம்ப்யூட்டரின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் முழுப் பெயரும் வரும்.

ஏஎம்டி கம்பெனியின் இ-350 பிராசசர் வைத்திருக்கும் தேவகோட்டைத் தம்பி ஒருவர், அதை ஆட்டம் என்450 இருக்கும் நெட்புக்கோடு, அதாவது சின்ன லேப்டாப்போடு, ஒப்பிடச் சொல்லியிருந்தார். அதுவும் இதே கதைதான், தம்பி. இரண்டும் கிட்டத்தட்ட 1.6 கிகாஹெர்ட்ஸ். ஆனால் என்450-இல் ஒரே கோர், அதுவும் நினைவகத்திலிருந்து ஒரு தகவல் வரத் தாமதமானால் அப்படியே நின்று காத்திருக்கும் பழைய அமைப்பு. இ-350-இல் 2 கோர், காத்திருக்கும் நேரத்தில் அடுத்த வேலையைப் பார்க்கும், கிராஃபிக்ஸும் மேல். இ-350-ஐ வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிதான் சீக்கிரம் தீரும், அது 18 வாட், என்450 5.5 வாட்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தில் பைதான் என்ற நிரல் மொழியும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளும் இருக்கின்றன. அந்த அளவு நிரலுக்கு என்2840-ஏ போதும், அதற்காக மட்டும் காசு செலவு செய்ய வேண்டாம். திணறுவது பிரவுசரில்தான். யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவத்தில் வீடியோவை அனுப்புகிறது. அதைப் பிரிக்கத் தனிச் சுற்று என்2840-இல் கிடையாது, பிராசசரே முழு வேலையையும் செய்ய வேண்டும். வகுப்பு வீடியோ ஒரு பக்கம், நிரல் எழுதும் பக்கம் இன்னொன்று என்று திறந்தால் நின்று நின்று ஓடும். எச்.264 என்ற இன்னொரு வடிவத்தைப் பிரிக்க அதில் தனிச் சுற்று உண்டு; அந்த வடிவத்தையே கேட்டு வாங்கும் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒன்றைப் பிரவுசரில் போட்டு, தரத்தை 480-இல் வைத்தால் சமாளிக்கலாம்.

அதனால் முதலில் வீட்டு லேப்டாப்பின் அடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். சாதாரண ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பைப் போடலாம், ராம் 4 ஜிபி ஆக்கலாம். ராம் வாங்கும்போது டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்குங்கள், அந்த 'எல்' இல்லாத 1.5 வோல்ட் ராம் இதற்குச் சேராது. ஆனால் 32 ஜிபி சேமிப்பு போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்கூட அதில் போடாதீர்கள், ஐ3-க்கே போங்கள். பிராசசரும் இரண்டிலுமே போர்டில் பற்றவைத்ததுதான், பிறகு மாற்ற முடியாது.

விண்டோஸ் 11-க்கு இந்த இரண்டுமே அதிகாரப்பூர்வப் பட்டியலில் இல்லை, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எதை வைத்துக்கொண்டாலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்லுங்கள். பைதான் அதிலேயே இருக்கும்.

காரைக்குடிக் கடைக்குப் போகும்போது பேரனையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆச்சி. சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணி நேரம் யூடியூப் ஓடவிடச் சொல்லுங்கள். ஃபேன் காற்று வெளியே வருகிறதா, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். ஓடவிட்டுக் காட்ட மாட்டோம் என்று சொன்னால் அந்த லேப்டாப் வேண்டாம், வேறு கடை பாருங்கள்.