புதன்கிழமை தோறும் பத்துக் கேள்வி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகையின்றித் தந்த ஐயா அவர்களே, வேலையை முடித்த கையோடு வந்திருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் சகோதரிகளே, தாய்மார்களே, வணக்கம்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு மூளையை என்ன செய்கிறது, அரசு என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்.

'தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.' குழந்தை பிறந்ததும் நாம் மறந்துவிடும் பழமொழி இது. பிரசவமான சில நாளில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் இரண்டும் மடமடவென இறங்குகின்றன. முதல் இரண்டு வாரம் கண் கலங்குவது பலருக்கும் உண்டு, தானே சரியாகும். அதற்கு மேலும் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அழுகை மட்டுமல்ல, கவனம் நிற்காது, மறதி வரும், சின்ன முடிவுகூட எடுக்க வராது.

ஒரு செவிலியர் சகோதரி சொன்னார். தடுப்பூசி நாள். 45 நாள் குழந்தையோடு ஒரு பெண். எடை பார்த்தாயிற்று, ஊசி போட்டாயிற்று. பால் குடிக்கிறானா, தூங்குகிறானா, எல்லாக் கேள்விக்கும் மாமியார்தான் பதில். கிளம்பும்போது சகோதரி, "நீ தூங்குறியாம்மா?" என்றார். மாமியார் வாயைத் திறந்தார். "அவ சொல்லட்டும்மா" என்றார் சகோதரி. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு அந்தப் பெண், "குக்கர் வச்சா எத்தனாவது விசில்னு மறந்துடுதுக்கா. நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுத்தவ" என்று சொல்லி உடைந்து அழுதாளாம். மாமியார், "சோம்பேறித்தனம்னு நெனச்சேனே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாராம். இன்று மருந்தும் ஆலோசனையும் பெற்றுத் தேறிவருகிறாள்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு! பிள்ளைக்குத் தடுப்பூசி அட்டை இருக்கிறது, தாய்க்கு எங்கே?

2002இல் வெளிவந்த ஆய்வொன்று, தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் பிரசவித்தவர்களில் 11 விழுக்காட்டினருக்கு இந்த மனச்சோர்வு புதிதாக வந்ததைக் கண்டது. ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடு மனத்தாங்கல், ஒத்தாசைக்கு ஆளில்லாதது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். 1987இல் வந்த எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள்; தமிழிலும் உண்டு. ஐந்து நிமிட வேலை.

மருத்துவ அலுவலர் அவர்களே, உங்களிடம் கேட்பது இதுதான். புதன்கிழமை ஊசிக்கு வரும் ஒவ்வொரு தாயிடமும் அந்தப் பத்துக் கேள்வியைத் தனியாகக் கேட்க உத்தரவிடுங்கள். அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு மறைப்பும் போதும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. எல்லோரும் கையெழுத்திட்டுச் செல்லுங்கள். இன்றிரவே பேச ஆள் தேவைப்படுவோர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள், கட்டணம் இல்லை.

நன்றி, வணக்கம்.