தனுஷ்கோடி ஊற்று இனிக்கிறது, உள்ளூர் போர்வெல் ஏன் கரிக்கிறது?

[காட்சி: தனுஷ்கோடி மணலில் ஓர் ஊற்று. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றும் கை]

அரிச்சல்முனையைப் பார்த்து நின்றால் இடது பக்கம் வங்கக் கடல், வலது பக்கம் மன்னார் வளைகுடா. நடுவில் கையால் தோண்டிய ஊற்றில் குடிக்கிற தண்ணீர் கிடைக்கிறது. கடலைவிட்டு எவ்வளவோ உள்ளே தள்ளி, ஆழமாகப் போட்ட போர்வெல் தண்ணீரையோ பல ஊர்களில் வாயில் வைக்க முடியாது. அது எப்படி?

[காட்சி: மணலின் குறுக்குவெட்டுப் படம்]

எல்லாம் எடைதான். கடல்நீர் நல்ல தண்ணீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் கனம். அதனால் மணலில் இறங்கும் மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி நிறுத்தும். இது கெய்பன்-ஹெர்ஸ்பெர்க் கணக்கு. சரி, இதையே திருப்பிப் போடுங்கள். மோட்டார் ஓட்டி மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், உப்பு 40 மீட்டர் மேலேற வழி திறக்கிறது! சிரட்டை மேலாக மொள்ளுகிறது, மோட்டார் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. வைகை வந்து சேரும் ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைய வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். கசியும் நீர் அந்த மட்டத்தைத் தாங்கும்.

[காட்சி: ஆய்வுக்கூடம், மாதிரி பாட்டில்கள்]

ஆனால் உப்பென்றால் உடனே கடல்மேல் பழி போடக்கூடாது. பழைய கடல் களிமண், வெயிலில் வற்றி மண்ணில் தங்கிய உப்பு, உப்பளம், இறால் பண்ணை என்று இங்கே சந்தேகப்பட வேண்டியவை பல. துப்பு களிமண்ணில் இருக்கிறது. கடல்நீரில் சோடியம்-குளோரைடு மோல் விகிதம், அதாவது எடையில் இல்லாமல் எண்ணிக்கையில் பார்க்கும் விகிதம், சுமார் 0.86. கடல்நீர் புதிதாக நுழையும்போது களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சியத்தை விடும். விகிதம் 0.86-க்குக் கீழே இறங்கும். தண்ணீர் கடினமாகும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது.

நல்ல மழைக்குப் பின் இது தலைகீழ். கால்சியம் ஒட்டிக்கொள்ள, சோடியம் வெளியே வரும். சோப்பு நன்றாக நுரைக்கும், வீட்டில் சந்தோஷம்! ஆனால் அதையே வயலுக்கு விட்டால் சோடியம் மண்ணை இறுக்கிவிடும். குளிக்க நல்ல தண்ணீர், பயிருக்குக் கெட்ட தண்ணீர்.

[காட்சி: டிடிஎஸ் மீட்டர்]

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லையென்றால் 2000 வரை. இது இந்தியத் தர நிர்ணயம். இந்த டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் காட்டும், ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் தனியாகக் காட்டாது. அதனால் கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒருமுறை தண்ணீர் மாதிரியை ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். அப்புறம், சோடியம், கால்சியம், குளோரைடு மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.